நல்ல பீஸுக்கு எழுத்து கிடையாது

டோக்கன் பதினாலு. உள்ளே போயிருப்பது ஒன்பது. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தாலும் போனவர்கள் இருபது நிமிஷத்துக்கு முன்னால் வெளியே வருவதாகக் காணோம். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும். நாலு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் இரண்டும் தாடையை வந்து இடிக்க, சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் அவன் மகள் தர்ணிகா. நாற்காலி அவளுக்குச் சரியாக இருந்தது. அவன் தொடைமேல் பள்ளிக்கூடம் கொடுத்த படிவம். அதில் இரண்டு கட்டம். மேல்கட்டத்தில் 'உங்கள் குழந்தையிடம் உங்களுக்குப் பிடித்தவை', அதற்கு ஐந்து கோடு. கீழ்க்கட்டத்தில் 'குழந்தையிடம் திருத்த வேண்டியவை', அதற்கும் ஐந்து கோடு. கீழ்க்கட்டத்தை அவன் உட்கார்ந்த மூன்றாவது நிமிஷமே முடித்துவிட்டான். சாப்பிட ஒரு மணி நேரம். இடது கையில் பென்சில் பிடிக்கிறாள். செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறாள். நகம் கடிக்கிறாள். கூப்பிட்டால் திரும்ப நேரமாகிறது. கோடு ஐந்தும் தீர்ந்து போய் ஓரத்தில் நெருக்கி நெருக்கி இன்னும் நாலு எழுதினான். பேனாவைச் சட்டைப் பையில் இருந்து இழுத்தபோது கூடவே வந்து விழுந்த ஸ்டிக்கர் பட்டையைத் தர்ணிகா குனிந்து எடுத்துக்கொண்டாள். அவள் கையில் ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதான், நகம் கடிக்காமல் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவன் மேல்கட்டத்துக்கு வந்தான். வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பிடித்தவை. பேனா முனையைக் காகிதத்தில் வைத்தான், ஒரு புள்ளி விழுந்தது, எடுத்துவிட்டான். பிடிக்காமல் இல்லை. பிடிக்காமலா விடியற்காலை எழுந்ததும் முதலில் அவள் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறான். ஆனால் அது அவளிடம் இருக்கிற ஒன்று இல்லையே, அவன் செய்கிற காரியம். அவளிடம் என்ன இருக்கிறது? அவன் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியிலும் இதே கதைதான். செக்கிங் ரிப்போர்ட்டில் ஓட்டைக்கு ஒரு கட்டம், எண்ணெய்க் கறைக்கு ஒரு கட்டம், தையல் விட்டதற்கு ஒரு கட்டம், சாயம் மாறியதற்கு ஒரு கட்டம். நல்ல பீஸுக்கு எழுத்து கிடையாது. நல்ல பீஸ் வாய் திறக்காமல் மடிப்புக்குப் போய்விடும். பதிமூன்று வருஷம் அப்படி எழுதிய கைக்கு இன்று பள்ளிக்கூடத்துக்காரர்கள் புதிதாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் அது எங்கே போகும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி இல்லாத தெரு கிடையாது, செக்கிங் ஆள் இல்லாத கம்பெனி கிடையாது. ஆனால் சென்னியப்பனின் கண் மாதிரி ஒரு கண் கிடையாது என்று அவன் மேனேஜரே சொல்லியிருக்கிறார். டியூப்லைட்டுக்குக் கீழே மேஜை, மேஜைமேல் பனியன், முன்பக்கம், பின்பக்கம், கக்கம், கழுத்து, கை. குற்றம் கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டித் தையல்காரியிடம் தள்ளிவிட வேண்டும். அவள் சரிசெய்து அனுப்புவாள். சரியாகியிருந்தால் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும், பாஸ் என்று தள்ள வேண்டும். ஒட்டியவன்தான் உரிக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். வேறு ஆள் உரித்தால் அந்தப் பீஸ் பாஸ் ஆனதாகக் கணக்கில்லை. நாளைக்கு ஐந்நூறு பீஸ். ஷிப்ட் முடிந்து விளக்கை அணைத்தாலும் கண்ணை அணைக்க முடியவில்லை, அதுதான் வம்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகம் தெரிவதற்கு முன்னால் அவள் ரவிக்கைக் கைத்தையல் தெரிகிறது. சாமி கும்பிடப் போனால் பட்டுத்துணியின் ஓரத்தில் பிரிந்த நூல் தெரிகிறது. இவள் பிறந்த அன்று நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். விரல் பத்தும் எண்ணினான், திருப்பிப் பார்த்தான், "இடது காது மடங்கியிருக்குதுங்களே" என்றான். மகளைப் பார்த்துத் தகப்பன் சொன்ன முதல் வார்த்தை. கட்டிலில் கிடந்த பூங்கொடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காது நாலே நாளில் நிமிர்ந்துவிட்டது. பூங்கொடி இன்னும் சரியாகத் திரும்பவில்லை. இப்போதும் வீட்டில் சண்டை என்று வந்தால் முதலில் வந்து நிற்பது அந்தக் காதுதான். அவன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். இன்னும் ஒன்பதுதான்.

எதிர் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்குழந்தை நாற்காலிமேல் ஏறி நின்று மாதத்தின் பெயரையெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூலை இரண்டு தடவை வந்தது, அக்டோபர் வரவேயில்லை. அவள் அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டவளாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சென்னியப்பனிடம், "இது வாய் மூடாதுங்க. தூக்கத்துலயும் பேசுமுங்க. உங்க பாப்பா எவ்வளவு அமைதியா உக்காந்திருக்குது பாருங்க. குடுத்து வச்சவருங்க நீங்க" என்றாள். "அவ சுபாவமே அப்படிங்க" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். இதையேதான் போன மீட்டிங்கில் கிரிஜா மிஸ்ஸிடமும் சொன்னான், வந்த சொந்தக்காரர்களிடமும் சொன்னான், எத்தனை பேரிடம் சொன்னானோ, சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். சுபாவமாம். இரண்டே கால் வயதில் பேச ஆரம்பித்தவள் மூன்றே முக்கால் வரைக்கும் நிறுத்தவில்லை. குழாயைத் திறந்து விட்ட மாதிரி. குளியலறைக்குள் ஆடு வந்ததாம், தலைக்குத் தேய்க்க ஷாம்பு கேட்டதாம், இவள் கொடுக்க மாட்டேன் என்றாளாம், ஆடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறி அவிநாசிக்குப் போய்விட்டதாம். பூங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆடு பேசாது அம்மிணி, பஸ்ஸில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள், பொய் சொல்லக் கூடாது என்று எடுத்துச் சொன்னான். பெரியவங்ககிட்டப் பேசும்போது 'ங்க' போட்டுப் பேசணும், எங்கே சொல்லு, வந்துச்சுங்க. அவள் யோசித்து, "ஆடு வந்துச்சுங்க, பொய் சொல்லுச்சுங்க" என்றாள். அப்போதாவது சிரித்திருக்கலாம். சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்ததும் உண்மை. சிரித்தால் கெட்டுப் போய்விடுவாளோ என்று விழுங்கிவிட்டான். என்ன கெட்டுப் போயிருக்கும்? ஆடு இன்னொரு தரம் வந்திருக்கும், அவ்வளவுதானே.

ஸ்டிக்கர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான், விளையாட்டுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானாகவே கவுனுக்குப் பட்டன் போட்டுக்கொண்டு வந்தாள், ஒரு பட்டன் தள்ளி. பையில் கிடந்த பட்டையில் இருந்து ஒன்றைக் கிழித்து அந்தப் பட்டன்மேல் ஒட்டி, "எங்க தப்புன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்றான். அவளுக்கு ஒரே குஷி. அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். ஸ்டிக்கரை உரித்து "பாஸ்" என்றான். கை தட்டினாள். அப்புறம் அவளே கேட்டு வாங்கினாள், அப்பா ஒட்டுங்க, அப்பா ஒட்டுங்க. சோறு மிச்சம் வைத்த தட்டில் ஒன்று. தண்ணீர் கொட்டிய தரையில் ஒன்று. திருப்பிப் போட்ட எழுத்தில் ஒன்று, வானத்துக்குப் பச்சை அடித்ததில் ஒன்று. "கம்பெனியைக் கம்பெனியில வச்சுட்டு வாங்க" என்று பூங்கொடி சொன்னாள். "புள்ள எத்தனை சீக்கிரம் கத்துக்கறா பாரு" என்று அவன் சொன்னான். உண்மையிலேயே கற்றுக்கொண்டாள். செருப்பை மாட்டும் முன் அவன் முகத்தைப் பார்த்தாள். கிரேயான் எடுக்கும் முன் பார்த்தாள். அவன் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு மடிப்பு விழும், கண் கூர்மையாகப் பார்க்கிறவர்களுக்கு விழுகிற மடிப்பு, அதைத்தான் பார்த்தாள். ஸ்டிக்கர் வருவதற்கு முன் அந்த மடிப்பு வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். நாலு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு கூர்மை என்று அவன் பெருமைப்பட்டிருக்கிறான். தன் கண் அவளுக்கு வந்துவிட்டதாம், அதில் ஒரு பெருமை. அதை வேண்டுமானால் மேல்கட்டத்தில் எழுதலாமா? 'என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.' எழுதக் கை வரவில்லை. அது பிடித்ததா திருத்த வேண்டியதா, திருத்த வேண்டியது என்றால் யாரிடம், என்பதெல்லாம் அவனுக்குக் குழம்பிற்று.

போன் அடித்தது. பூங்கொடி, ஷிப்டில் டீ இடைவேளை போல, பின்னால் மிஷின் சத்தம். "என்னுங்க, உள்ள போயாச்சா?" "இன்னும் இல்ல. பதினொண்ணு போயிருக்குது." "மிஸ் அவகிட்ட ஒரு கேள்வி கேப்பாங்களாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமாம், யூ.கே.ஜி.க்கு அனுப்பிருவாங்களாம். இல்லாட்டி இன்னொரு வருசம் இதே கிளாஸ்தானாம். நீங்க நடுவுல பேசாதீங்க. அவளப் பேச விடுங்க." "நான் எங்க பேசறேன்?" "செரி, முறைக்காமயாவது இருங்க" என்று வைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்து எட்டு மாசமாகத் தர்ணிகா இந்தக் கட்டடத்துக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த அன்று பேசவில்லை, புது இடம் என்றார்கள். ஆடி போய் ஆவணி வந்தும் பேசவில்லை. டைரியில் எழுதி அனுப்பினார்கள். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் காது பார்த்தார்கள், காது நன்றாகக் கேட்கிறது, தொண்டையும் நன்றாக இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம் குசுகுசுவென்று பேசுவாள், பொம்மையிடம் பேசுவாள், அவன் உள்ளே வந்தால் தலையாட்டுவாள். வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தான். சத்தமில்லாத வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்தான். எத்தனை மாதம் குடித்திருப்பான். வைகாசியில் இருந்து. வைகாசி என்றதும் மனசு கால் இடறியது போல நின்று, சட்டென்று வேறு பக்கம் திரும்பி, வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று நினைத்தது. வண்டிக்குப் பெட்ரோலும் போட வேண்டும். வைகாசியில்தான் மச்சான் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை. வண்டியை நிழலில்தான் நிறுத்தினோமா? சீட்டு சூடாகிவிடும், பிள்ளைக்குக் காலில் சுடும். புண்ணியார்ச்சனையில் பந்தி முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம் என்று எட்டு மாதமாக வைத்திருந்தான். இன்றைக்கு அது தானாக வந்து பக்கத்தில் மஞ்சள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முந்திய சித்திரையில் அவன் பாஸ் செய்த பன்னிரண்டு பெட்டிச் சரக்கு துறைமுகத்தில் இருந்து திரும்பி வந்தது. கக்கத்தில் ஊசி ஓட்டை. அவன் கண்ணுக்குத் தப்பியது. மேனேஜர் எல்லாத் தையல்காரிகளுக்கும் நடுவில் அவனை நிறுத்தி ஒரு பனியனைக் கையில் கொடுத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தான். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டை தெரியலியே, ஓட்டை தெரியலியே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதான். வெளியில் இருந்து சின்னக் கை கதவைத் தட்டியது. "உள்ள யாருங்க அழுவறது?" யாரும் இல்லை, போ என்றான். அவ்வளவுதான், மறந்து போயிற்று என்று நினைத்தான். புண்ணியார்ச்சனை ஹாலில் மாமனார், மச்சான், பங்காளிகள், இருபது பேர் இருப்பார்கள். மாப்பிள்ளை கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று யாரோ அவனைப் புகழ்ந்த நேரத்தில், தர்ணிகா அவன் மடியில் இருந்தபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கப்பா பாத்ரூம்ல அழுதாருங்க. ஓட்டை தெரியலீன்னு அழுதாருங்க" என்றாள். 'ங்க' போட்டு, சரியாக. பொய் இல்லாமல், ஆடு இல்லாமல். அவனுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. சிரித்தான். சிரித்துக்கொண்டே பையில் இருந்து பட்டையை எடுத்து, ஒன்றைக் கிழித்து, மகளின் உதட்டில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். "இங்கதான் தப்பு." எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள், மானம் பிழைத்தது. தர்ணிகா அழவில்லை. அவன் முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உரிப்பான் என்று நின்றாள். மச்சான் வெற்றிலைத் தட்டை நீட்டினான், பேச்சு வேறு எங்கோ போயிற்று, அப்புறம் வண்டி, அப்புறம் தூக்கம். அவன் உரிக்கவில்லை. மறுநாள் பார்த்தபோது அவள் உதட்டில் ஒன்றும் இல்லை. யார் எடுத்தது? பூங்கொடியா? பூங்கொடியிடம் கேட்டால் தெரிந்துவிடும், கேட்கவில்லை. தானாக உதிர்ந்ததா? அந்தப் பசை லேசில் விடாது, அவனுக்குத் தெரியாதா. ஒட்டியவன் எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது.

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். உள்ளே பதிமூன்று. மேல்கட்டத்தைப் பார்த்தான். ஏதாவது எழுத வேண்டும், எதையாவது, ஒரு கோடாவது. நாய் தெருவைத் தாண்டி முடிக்கும்வரை நின்றுவிட்டு அப்புறம்தான் நடப்பாள், அதை எழுதலாமா? தண்ணீர் லாரி போனால் சல்யூட் அடிப்பாள். பூசணிக்காயை மடியில் வைத்துத் தூங்கச் செய்வாள். செத்த எறும்பை இலையில் வைத்து மூடுவாள். ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறான். பார்த்து, நேரமாகிறது, கையைக் கழுவு, அழுக்கு என்று சொல்லியிருக்கிறான். இதெல்லாம் குற்றமும் இல்லை, அப்படியானால் இதெல்லாம் என்ன? இவள் யார்? நாலு வயசுக்குள் ஒரு ஆள் வந்து வீட்டில் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருக்கிற இந்தப் பொறுமைசாலியை அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஆடு இருந்தாலாவது கேட்கலாம். 'ஆட்டுக்கு' என்று எழுதினான். ஆட்டுக்கு ஷாம்பு கொடுக்க மாட்டேன் என்றாள் என்று எழுதினால் மிஸ் என்ன நினைப்பார்கள்? அடித்தான். அடித்த இடத்தில் காகிதம் கிழிந்தது. "டோக்கன் பதினாலு, வாங்க சார்" என்று ஆயா கூப்பிட்டாள்.

எழுந்தான், முழங்கால் இரண்டும் படக்கென்றன. கையை நீட்டினான், அவளும் தன் கையைத் தந்தாள், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். கிரிஜா மிஸ் சிரித்தபடி, "வா தர்ணிகா" என்றவள் பாதியில் நிறுத்தி, "என்னடா தங்கம் இது, வாயில?" என்றாள். திரும்பிப் பார்த்தான். கீழுதட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அம்பு மேல்நோக்கி வாயைக் காட்டியது. கோணாமல், ஓரம் தூக்காமல், கட்டைவிரலால் அழுத்தி, அவன் ஒட்டுவது போலவே ஒட்டியிருந்தாள். எப்போது ஒட்டினாள்? பத்தாவது டோக்கனிலா, பதினொன்றிலா? ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன், நாலு மேஜை தள்ளி நூல் பிரிந்தால் தெரிகிற கண்ணை வைத்திருப்பவன், பார்க்கவில்லை. தர்ணிகா அவன் கையை விட்டாள். அவன் முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வைகாசியில் நின்ற அதே நிற்பு. அவன் மண்டி போட்டான். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான். துணியில் ஒரே இழுப்பில் வந்துவிடும், இது துணி இல்லை. வலிக்குமே, வலிக்குமே என்று கொஞ்சம் கொஞ்சமாக உரித்தான். ஒட்டியிருந்த இடம் சிவந்திருந்தது. அவள் அந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். அவன் புருவத்தின் நடுவே பார்த்தாள். பிறகு, அந்த அறையில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்படி, "செரியாயிருச்சுங்களாப்பா?" என்றாள்.

"அய்யோ, பேசிட்டா!" என்று கிரிஜா மிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஆயாம்மா, இங்க வாங்க, தர்ணிகா பேசிட்டா! எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் சார் இவ குரலையே கேக்கறேன். எவ்வளவு அழகா 'ங்க' போட்டுப் பேசறா! யூ.கே.ஜி.க்குத் தாராளமா அனுப்பலாம் சார். அந்தப் ஃபாரத்தக் குடுங்க." அவள் பேச வேண்டும் என்று எட்டு மாதமாக அவன் வேண்டாத சாமி இல்லை. இந்த வார்த்தைக்காக இல்லை. "நீ செரியாத்தான் இருந்தே சாமி" என்று சொல்ல வாயெடுத்தான், 'நீ' என்பது மட்டும்தான் வந்தது. ஸ்டிக்கர் அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. புருவ மடிப்பை நீக்கப் பார்த்தான், அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்குள் கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கிவிட்டது. இங்கே திறந்துவிடக் குழாய் எதுவும் இல்லை. தர்ணிகா அவன் கன்னத்தைப் பார்த்தாள். திரும்பி மிஸ்ஸைப் பார்த்தாள், வாசலில் வந்து நிற்கிற ஆயாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.